வாசலுக்கு ஒரு சட்டை

கொதிக்கிற தேயிலைத் தண்ணீரில் புத்தம்புதுத் துணியை முக்கிப் பிழிந்து, பழைய பல் பிரஷ்ஷால் அதன் ஓரத்தைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறாள் கத்தரியம்மா. கத்தரிக்கோலும் கையுமாகத் திரிவதால் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் அது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சாயம் போகவே போகாது என்று கடைக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு எடுத்துவந்த துணி. வீட்டுக்கு வந்ததும் சாயத்தைப் போக்குவதுதான் முதல் வேலை. "பழசு மாதிரி இருக்கணும். ஆனா பழசா இருக்கக் கூடாது" என்பது அம்மாளின் சித்தாந்தம்.

துணியை நாடாவாகக் கிழித்து, முறுக்கிச் சுருட்டி, அடியில் இரண்டு தையல் போட்டால் ரோஜா. வட்டமாக வெட்டி ஓரத்தைக் கசக்கினால் இன்னொரு பூ. எந்தச் செடியிலும் பூக்காததால் அதற்குப் பெயர் கிடையாது. பூங்காவில் பொறுக்கிய கொடியையும் சுள்ளியையும் வளையமாக வளைத்துச் சணலால் கட்டி, அதில் இந்தப் பூக்களை ஒட்டிக் கதவில் மாட்டுவாள். நாட்டுப்புற அழகாம். நாட்டுப்புறத்திலிருந்து உறவுக்காரர் யாராவது வந்தால் மட்டும் சோபாவில் பழந்துணி விரித்துத்தான் உட்காரச் சொல்வாள்.

அந்தக் குடியிருப்பில் அவள் வளையம் இல்லாத வீடே கிடையாது. கேட்டு வாங்கியவர்களும் கிடையாது. படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கட்டிலுக்கடியில் கிடக்கும் வளையம் அவசரமாகக் கதவுக்கு வந்துவிடும். எதிர்வீட்டுக்காரி ஒருமுறை மறந்துபோய் அதன்மேல் சூடான பானையை இறக்கிவைத்திருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து கத்தரியம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. எதிர்வீட்டுக்காரி அந்த மாதத்தை இன்றும் ஆசையோடு நினைத்துக்கொள்கிறாள்.

தேயிலை எவ்வளவு கொதித்தாலும் அசல் பழமை வராது என்று அம்மாளுக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. ஆள் உடுத்தி, வியர்த்து, துவைத்துத் துவைத்து வெளுத்த துணிக்குத்தான் உயிர் உண்டாம். அன்றைக்குப் பிடித்தது அவள் வீட்டுக்காரருக்குச் சனி. நாற்காலியில் அவர் கழற்றிப் போட்ட சட்டை சாயங்காலம் செவ்வந்தியாகிவிடும். அவர் கிடங்குக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க ஊரார் சரக்கைக் காத்த மனிதரால் சொந்தச் சட்டையைக் காக்க முடியவில்லை. அம்மாளின் புடவைகள் மட்டும் வெள்ளைத் துணி சுற்றிய மூட்டையாக பீரோவில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு ஏனோ உயிர் வரவில்லை.

அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு நீலச் சட்டை. அவருக்குத் தடித்த கழுத்து; கடைச் சட்டையின் காலர் பொத்தான் போட்டால் மூச்சு முட்டும். அதனால் தையல் வேலை செய்யும் அவருடைய அக்கா, அளவெடுத்துத் தம்பிக்கென்று தைத்துக் கொடுத்தது அது. அந்தத் தையலைப் பார்த்து "கோணி தைக்கிற கை" என்று கத்தரியம்மா ஒருநாள் அக்கா காதுபடவே சொல்லிவிட்டாள். அக்கா அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை.

இப்போது அவளே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இந்தச் சட்டையோடு கதவைத் திறந்தால் அக்காவின் கோபம் தானாக இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டார். சனிக்கிழமையே தன் கையால் இஸ்திரி போட்டு மாட்டிவைத்து, இதை மட்டும் தொடாதே என்று மனைவியிடம் கெஞ்சியும் வைத்தார். நான் எதுக்குத் தொடப்போறேன் என்று அவளும் சொன்னாள்.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்தால் ஹேங்கர் மட்டும் தொங்கியது. திறந்திருந்த வாசல் கதவில் முறம் அகலத்துக்கு ஒரு வளையம். சுற்றிலும் வெளிறிய நீல ரோஜாக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சட்டைப் பொத்தான்.

"உங்க அக்காவுக்காகத்தான் ராவெல்லாம் கண் முழிச்சேன். வாசல் மொட்டையா இருந்தா நம்மள என்ன நினைப்பாங்க?"

யாரையும் திட்டியறியாத மனிதர் அவர். அன்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா படியேறி வந்து நின்றுவிட்டாள்.

அவள் உடனே உள்ளே வரவில்லை. ஒரு நீல இதழை விரலால் திருப்பிப் பார்த்தாள். காலரின் இரட்டைத் தையல் பிரிபடாமல் அப்படியே இருந்தது. பிறகு, பனியனும் துண்டுமாக உள்ளே நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"எல்லாம் வீட்ல சும்மா கிடந்த பழைய துணிதான் அண்ணி. எப்படி இருக்கு?" என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்டாள் கத்தரியம்மா.

அக்கா வளையத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். நேரே தம்பியிடம் போய் அவர் தலை வழியாக அதை மாட்டிவிட்டாள்.

"போட்டுக்கடா. உனக்குத் தைச்சதுதானே."

சுள்ளி கழுத்தில் குத்தியது. கத்தரியம்மாவின் முகம் மாறியது. மெல்ல அவர் அருகே வந்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தன் தப்பை ஒத்துக்கொள்ளப்போகிறாள் என்று அவர் நினைத்தார்.

அவள் அவர் மார்பில் நசுங்கியிருந்த ஒரு ரோஜாவின் இதழை இரண்டு விரலால் நிமிர்த்திவிட்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.