தூரமோ?

நெடுந்தீவில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் குதிரை பழக்கம் என்று ஓர் இத்தாலியன் நினைத்தால் அது அந்த இத்தாலியனுடைய பிழை. அந்த நினைப்பைத் திருத்தாமல் பேசாமல் நின்றது ஏர்னஸ்றின் பிழை. இரண்டும் சேர்ந்துதான் பலெர்மோவில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு லாயத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

ஐம்பது தாண்டிய வயது. அதுவரை பொலிதேயாமாப் பக்கத்தில் ஒரு வயதான வக்கீலைப் பராமரித்து வந்தார். குளிக்க வார்ப்பது, சவரம் எடுத்துவிடுவது, பின்னேரத்தில் கைபிடித்துக் கடைத்தெருவில் நடத்திக் கொண்டுபோவது. வக்கீல் கண்ணை மூடினார், பிள்ளைகள் வீட்டைப் பூட்டினார்கள், ஏர்னஸ்ற் தெருவுக்கு வந்தார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிடப் பத்திரத்தைப் புதுப்பிக்கிற காலமும் நெருங்கியிருந்தது. கையில் ஒரு வேலை இல்லாவிட்டால் அந்த நாட்டில் இருக்கிறதுக்கே அனுமதி இல்லை.

"ஆர் என்ன வேலை தந்தாலும் ஓம் எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்," என்று மனைவி எமிலியானா சொல்லிவிட்டிருந்தாள்.

அப்படித்தான் கஸ்பாரேயிடம் போய் நின்றார். கஸ்பாரேக்கு அப்போதே எழுபது இருக்கும். ஒரு பெரிய குதிரைவண்டி வைத்து உல்லாசப் பயணிகளையும் கலியாணப் பெண்களையும் ஏற்றித் திரிந்தவர். ஏர்னஸ்ற் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, அங்கே குதிரை உண்டா என்று கேட்டார்.

"உண்டு. நிறைய," என்றார் ஏர்னஸ்ற்.

பொய்யில்லை. நெடுந்தீவில் குதிரைகள் உண்டு. குட்டைக் குதிரைகள். ஆருக்கும் சொந்தமில்லாமல், ஆரையும் கிட்ட விடாமல், வெளியில் மேய்ந்து திரிகிறவை. கல்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவற்றைப் பார்த்த அனுபவம் ஏர்னஸ்றுக்குத் தாராளமாக இருந்தது. அந்த அனுபவத்தோடுதான் அவர் லாயத்துக்குள் காலை வைத்தார்.

கதவைத் திறந்ததும் தெரிந்தது ஒரு பின்பக்கம். அந்த அகலத்தில் ஒரு குதிரை இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. பாரம் இழுக்கிற சாதி. முதுகின் பின்பகுதி இரண்டாகப் பிளந்து நடுவில் வாய்க்கால் போல ஒரு பள்ளம், மழை பெய்தால் தண்ணீர் தேங்கி நிற்கும். புளியங்கொட்டை நிறத்தில் உடம்பு. பிடரி மட்டும் சோளத் தும்பு மாதிரி வெளிறிய மஞ்சள். அதனால்தான் அவளுக்குப் பியோந்தா என்று பெயர். மஞ்சள் முடிக்காரி என்று அர்த்தம். குளம்பு ஒவ்வொன்றும் ஒரு சோற்றுக் கோப்பை அளவு. இவள் சும்மா ஒருக்கால் சாய்ந்தாலே தன் கதை முடிந்தது என்று ஏர்னஸ்ற் நினைத்தார்.

பியோந்தா மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் உள்ளே வருவதற்கு வசதியாக ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றாள். வீட்டுக்கு ஆள் வந்தால் கதிரையை இழுத்துப் போடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி.

முதல் வாரத்திலேயே அவள் அவருடைய காலில் மிதித்தாள். மிதித்தாள் என்று சொல்வதும் அநியாயம். குளம்பை வைக்கப் போனவள், அடியில் ஏதோ மெத்தென்று படுகிறதே என்று உணர்ந்து, பாரம் இறங்குவதற்குள் தூக்கிவிட்டாள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, அவர் தன் செருப்பை இழுத்தெடுக்கும் வரை அப்படியே நின்றாள். அவ்வளவு பெரிய உடம்பு மூன்று காலில் நின்று நடுங்கியது. ஏர்னஸ்ற் அன்றைக்குத்தான் பயத்தை விட்டார். வீட்டுக்குப் போய் எமிலியானாவிடம் இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் அவர் பலெர்மோவில் வாழ்ந்த நல்ல வருடங்கள். இதை அவரே சொல்வார். காலையில் சீசாப் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து பேருந்தில் வந்து இறங்குவார். சந்தையில் மீன்காரர் கடை விரித்துக் கத்தத் தொடங்கியிருப்பார்கள். தெருமுனையில் அவருடைய காலடி கேட்டதும் லாயத்துக்குள்ளிருந்து தாழ்ந்த குரலில் ஒரு கனைப்பு வரும். தண்ணீர் வைப்பார், வைக்கோல் போடுவார், உடம்பைத் தேய்ப்பார். தேய்க்கும்போது தமிழில் கதைப்பார். வக்கீலோடு இத்தாலியனில் கதைத்துக் கதைத்து அலுத்துப்போன நாக்குக்கு அது பெரிய ஆறுதல். பியோந்தா காதுகளை ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். நெற்றியைத் துடைக்கும்போது கண்ணை மூடி, தாடையைக் கொண்டுவந்து அவர் தோளில் வைப்பாள். பாரத்தை முழுக்க வைக்க மாட்டாள். அவர் எவ்வளவு தாங்குவார் என்று அவளுக்குத் தெரியும்.

தெருப் பிள்ளைகள் அவளுடைய வயிற்றுக்குக் கீழால் புகுந்து விளையாடுவார்கள். தாய்மார் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே உடுப்புக் காயப்போடுவார்கள். ஒருத்தியும் பிள்ளையைக் கூப்பிட்டதில்லை. சாந்தா ரொசாலியா திருவிழாவில் வாணவெடி வெடிக்கும்போது ஊர் நாய்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். பியோந்தா கழுத்தை வளைத்து, நெற்றியில் பூச்சூடி, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளை இழுத்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளாத வெள்ளைக்காரன் இல்லை. அழகு என்று தெரிந்தும் அலட்டிக்கொள்ளாத அழகு அது.

போன வருடம் மாரி காலத்தில் நனைந்த கல்லில் வழுக்கி முன்கால் பிசகிவிட்டது. வைத்தியர் வந்து பார்த்து, நடக்கலாம், வண்டி இழுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கஸ்பாரே மகனுடைய பேச்சைக் கேட்டு, மேலே கூடாரம் போட்ட ஒரு மூன்று சில்லு மோட்டார் வண்டி வாங்கினார். அது லாயத்தின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஏர்னஸ்ற் காலையில் அதைக் கழுவினார். கழுவும்போது கதைக்க ஒன்றுமில்லை.

இனி இவளை வைத்துத் தீனி போடுவார்களா என்ற கேள்வி ஏர்னஸ்றின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வேலை செய்ய முடியாத பாரக்குதிரை எங்கே போகும் என்பது சிசிலியில் எல்லாருக்கும் தெரியும். இறைச்சிக்குப் போகும். கஸ்பாரே ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏர்னஸ்றும் கேட்கவில்லை. ஆனால் சும்மா இருக்கவுமில்லை. மொன்றியாலே போகிற வழியில் ஒரு பெரிய வீட்டில் மூர்கென் என்கிற மொரிசியஸ்காரன் தோட்ட வேலை செய்தான். பூட்டன் காலத்தில் தமிழ் பேசிய குடும்பம், இவனுக்குத் தமிழில் முருகனைத் தவிர ஒன்றும் தெரியாது. இருவரும் இத்தாலியனில்தான் கதைப்பார்கள். அந்த வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு, எசமானி அம்மாவுக்கு, எலுமிச்சைத் தோட்டம் இருந்தது, அதற்குள் ஒரு கழுதை தனியாக நின்றது. பியோந்தாவுக்கும் அங்கே ஓர் இடம் தருவாரா, கேட்டுப் பார் என்று ஏர்னஸ்ற் அவனைக் கெஞ்சினார்.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை மூர்கென் தொலைபேசி எடுத்தான். சிஞ்ஞோரா சம்மதித்துவிட்டார், பண்டிகை கழியக் கொண்டுவரச் சொல்கிறார் என்றான். ஏர்னஸ்ற் அன்று பூசையில் முழந்தாளில் நின்று அழுதார். கஸ்பாரேயிடம் இதை நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

பண்டிகை முடிந்து வேலைக்குப் போனபோது லாய வாசலில் ஒரு லொறி நின்றது.

பின்கதவு இறக்கப்பட்டுப் பலகை சரிவாகக் கிடந்தது. பியோந்தா தெருவின் நடுவில் நின்றாள். சாரதி கயிற்றை முன்னால் இழுக்கிறான், கஸ்பாரே பின்னால் தள்ளுகிறார். அவள் உதைக்கவில்லை, கடிக்கவில்லை. ஏறவும் இல்லை. அவள் வரமாட்டேன் என்று முடிவெடுத்தால் தெருச்சனம் முழுக்கச் சேர்ந்து தள்ளினாலும் நடவாது. சாரதி தடியை எடுத்தான்.

ஏர்னஸ்ற் ஓடிப்போய் நடுவில் நின்றார். "அடிக்காதே. நான் ஏற்றுகிறேன்."

கஸ்பாரே அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓய்வெடுக்கப் போகிறாள், எர்னெஸ்தோ," என்றார். "பாவம், நிறைய உழைத்துவிட்டாள்."

ஓய்வு. அந்தச் சொல் ஏர்னஸ்றின் வயிற்றில் பால் வார்த்தது. கஸ்பாரேயும் தன்னைப் போலவே ஓர் இடம் தேடியிருக்கிறார், கிழவன் நல்லவன்தான் என்று நினைத்தார். கயிற்றை வாங்கிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டியபடி பலகையில் ஏறினார்.

"வா பிள்ளை. வா, நான் நிக்கிறன்தானே."

அவள் ஒரு குளம்பை வைத்துப் பலகையைச் சோதித்தாள். பிறகு மற்றதை வைத்தாள். நொண்டிக்கொண்டு, அவருடைய முதுகுக்குப் பின்னால், ஒரு சொல்லுக்கு ஏறி வந்தாள். உள்ளே கட்டும்போது தாடையைத் தோளில் வைத்தாள். அவர் பிடரியைக் கோதிவிட்டு இறங்கினார்.

எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்க வாய் எடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

நம்முடைய ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒருவர் பயணம் வெளிக்கிடும்போது 'எங்கை போறியள்' என்று கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை. கேட்டால் போகிற காரியம் பிழைத்துவிடும். அறிய வேண்டும் என்றால் 'தூரமோ?' என்று கேட்பது. கேட்கப்பட்டவருக்கு விருப்பமிருந்தால் இடத்தைச் சொல்வார். இல்லையென்றால் 'உதிலைதான்', இங்கே பக்கத்தில்தான், என்று சொல்லிவிட்டு நடப்பார். ஏர்னஸ்ற் முப்பது வருடமாக இத்தாலியில் இருந்தும், வேலைக்கு வெளிக்கிடுகிற எமிலியானாவை ஒரு நாளும் எங்கை என்று கேட்டதில்லை. இப்போது, பியோந்தா லொறிக்குள் நின்று கம்பிக்கு ஊடாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்பாரா?

சாரதியைப் பார்த்து, "லொந்தானோ?" என்றார். தூரமோ?

சாரதி கஸ்பாரேயைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். அவனுடைய குரல் மாறியிருந்தது.

"இல்லை. கிட்டத்தான்."

கிட்டத்தான்! மொன்றியாலேக்குப் போவதென்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும். கிட்டவென்றால் பூசை முடிய ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எலுமிச்சைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வந்ததை ஏர்னஸ்ற் விழுங்கிக்கொண்டார். நல்லதாக ஓர் இடம் அமைந்திருக்கும்போது அதற்குள் தான் ஏன் போய் மூக்கை நுழைக்க வேண்டும்? லொறி திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையக் கரட்டோடு கஸ்பாரே வீட்டுக்குப் போனார். பியோந்தாவைப் பார்க்க வேண்டும், வழி சொல்லுங்கள் என்றார். கஸ்பாரே வாசலில் நின்றபடி பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார்.

"எர்னெஸ்தோ, உனக்குத் தெரியும் என்று நினைத்தேனே."

ஏர்னஸ்ற் பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"நீ தூரமோ என்றுதானே கேட்டாய். நொண்டிக் காலோடு அவள் வழியில் கஷ்டப்படக்கூடாது என்று கேட்கிறாய் என்று நினைத்தோம். அந்தச் சாரதி வருடக்கணக்காக இந்த வேலை செய்கிறான். அப்படி ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனானாம்." கிழவர் கண்ணைத் துடைத்தார். "எங்கே என்று மட்டும் நீ கேட்டிருந்தால், எனக்கு என்ன சொல்ல வாய் வந்திருக்குமோ தெரியாது. இறக்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவளுக்குப் போக வேறு இடமும் இருக்கவில்லையே, எர்னெஸ்தோ."

இடம் இருந்தது என்று ஏர்னஸ்ற் சொல்லவில்லை. எழுபது கடந்த மனுசனுடைய தலையில் அதையும் தூக்கி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

இன்றைக்கும் அவர் அந்த மூன்று சில்லு வண்டியைக் கழுவுகிறார். போர்கோ வெக்கியோவில் அவருக்கு இப்போது பெரிய மரியாதை. கஸ்பாரே கதையைச் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். கடலைமாப் பலகாரம் பொரிக்கிற பெண் சுடச்சுடக் காகிதத்தில் சுற்றிக் கையில் தருகிறாள். "தூரமோ என்று மட்டும் கேட்டவன்," என்று பக்கத்துக் கடைக்காரிக்குக் காட்டுகிறாள், "இப்படியும் ஒரு தங்கமான மனம் உண்டா?" ஏர்னஸ்ற் கிறாட்சியே என்று சொல்லி வாங்கிக்கொண்டு, தெரு திரும்பியதும் அதைப் பூனைகளுக்குப் போட்டுவிடுகிறார்.

எமிலியானாவிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவள் உள்ளி உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள். பிறகு அவளுக்குப் பொறுக்க முடியவில்லை.

"எங்கை எண்டு கேட்டிருக்கலாமே, இஞ்சேருங்கோ. உந்தச் சாத்திரமெல்லாம் மனுசருக்குத்தானே? அது குதிரைதானே?"

ஏர்னஸ்ற் தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஓம் எமிலி," என்றார். "அந்த நேரம் எனக்கு அது குதிரை எண்டு ஞாபகம் வரேல்லை."