நடுவில் மட்டும் செவல் மண்

மாலத்தீவின் மாலேயில் மழை பெய்தால் செருப்பில் எதுவும் ஒட்டுவதில்லை. வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. நனைந்து வந்து அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது, என்னையறியாமல் சுவரோரம் ஒரு குச்சி கிடக்கிறதா என்று கண் தேடுகிறது. எங்கள் ஊர்க் கரிசலில் மழைநாளில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்துவிடும். குள்ளமானவன்கூட ஒரு சாண் வளர்ந்துவிடுவான். வாசலில் உட்கார்ந்து குச்சியால் வழித்தெறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகமுடியும். இங்கே கொஞ்சம் வெள்ளை மணல் ஒட்டும், அதுவும் தட்டினால் உதிர்ந்துவிடும். இந்தத் தீவின் மண்ணுக்கு யார் காலையும் பிடித்து வைத்துக்கொள்ளும் எண்ணம் கிடையாது. போன மாதம் கீழ்வீட்டு அம்மாள் என்ன தேடுகிறாய் என்று கேட்டார். குச்சி என்று எனக்குத் தெரிந்த திவேஹி மொழியில் சொன்னேன். ஓடிப்போய் விளக்குமாற்றை எடுத்துவந்து, “எலி எங்கே?” என்றார். இல்லையென்று விளக்கத் தெம்பில்லாமல் நானும் கொஞ்ச நேரம் அவரோடு சேர்ந்து எலி தேடினேன்.

இப்போது எனக்கு இங்கே வேலை, தூத்துக்குடியிலிருந்து தோணியில் வரும் வெங்காயத்தையும் செங்கலையும் இறக்கிக் கடைக்கு அனுப்புவது. கடைக்காரர்தான் நான் முன்பு ஆடிய கால்பந்து கிளப்பின் தலைவர். இடது காலை லேசாக இழுத்து நடக்கிற என்னைப் பார்த்துத் தோணியில் வருகிற நம்மூர்ப் பிள்ளைகள், “அண்ணாச்சி, கால்ல என்ன?” என்று கேட்பார்கள். பந்து ஆடினேன் என்றால் சிரிப்பார்கள். பந்து ஆடவா கடல் கடந்து வந்தீர்கள் என்கிற சிரிப்பு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. என்னைப் பெற்றவருக்கே அது வெகுகாலம் விளங்கவில்லை.

நான் கோவில்பட்டிக்கு மேற்கே, இடைசெவல் போகிற பாதையிலிருந்து பிரிகிற ஒரு சின்ன ஊர்க்காரன். கோவில்பட்டி ஹாக்கி ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே நடக்கப் பழகிய கையோடு பையன்கள் மட்டையைப் பிடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பந்தைக் காலால் உதைத்துக்கொண்டு திரிந்தவன் நான். “ஏலே, மட்ட வாங்க வக்கில்லாமலா ஒதைக்க?” என்று கேட்காத ஆள் இல்லை. உண்மையும் அதுதான். அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போவாள்; அய்யாவுக்குப் பருத்தியும் உளுந்தும் வானம் பார்த்து விளைகிற கொஞ்சம் நிலம். பத்துப் பேருக்கு ஒரு பந்து போதும் என்பதால் எங்கள் ஊர்ப் பையன்கள் கால்பந்துக்கு வந்தார்கள். கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்தான் மைதானம்.

கரிசல் கண்மாயைக் கோடையில் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அது தரையே அல்ல. பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். சில வெடிப்புகளில் கால் முழங்கால்வரை இறங்கும். கோழிக்குஞ்சு விழுந்தால் எடுக்க ஆள் வேண்டும். அதனால் அங்கே ஆடியவர்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. பந்து வருகிறதென்றால் முதலில் பார்ப்பது பந்தை அல்ல, தன் கால் விழப்போகிற இடத்தை. தரை, பிறகு பந்து, நேரம் மிச்சமிருந்தால் எதிராளி. இந்தப் பழக்கத்தோடுதான் நான் தொண்ணூறுகளின் நடுவில் சென்னைக்குப் போய் ஒரு கம்பெனி அணியில் சேர்ந்தேன். நடுக்களத்தில் நிற்கிறவனுக்கு அண்ணாந்த தலைதான் மூலதனம்; நாலாபக்கமும் பார்த்துப் பந்தைப் பிரித்துக் கொடுக்கவேண்டியவன் அவன். நானோ கல்யாணப் பெண்ணைப்போலத் தலை குனிந்தபடி ஆடினேன். ஆனாலும் என் கால்களுக்கு வந்துசேர்ந்த பந்தை யாராலும் பறிக்க முடியாது. அதை வைத்தே சில வருடம் ஓட்டினேன். கம்பெனி அணியைக் கலைத்தபோது, தூத்துக்குடி வியாபாரி ஒருவர் சொல்லி மாலே கிளப்பில் இடம் கிடைத்தது.

அங்கே ருமேனியாவிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் இருந்தார். வயதானவர், எதற்கும் கோபப்படாதவர். என்னைப் பார்த்தபிறகு கோபப்படக் கற்றுக்கொண்டார். “ஹெட் அப்! ஹெட் அப்!” என்று கோட்டோரம் ஓடி ஓடிக் கத்துவார். ஒருநாள் பயிற்சியை நிறுத்திவிட்டு என்னைத் தனியே அழைத்து, கீழே எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: எங்கள் ஊரில் பூமி பிளக்கும், கால் உள்ளே போய்விடும், எல்லா வருடமும் அப்படித்தான். அவர் முகம் மாறிவிட்டது. என் தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார். மறுநாள் கிளப்பில் எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். வருடாவருடம் நிலநடுக்கம் வரும் ஊர்க்காரன், பாவம், வீட்டில் எல்லாரும் நலமா என்று ஒவ்வொருவராக விசாரித்தார்கள். நலம்தான் என்றேன். அப்படியானால் ஏன் அந்த ஊரை விட்டுப் போகாமல் இருக்கிறார்கள் என்று கோல்கீப்பர் கேட்டான்.

அனுதாபம் ஒரு வாரம் இருந்தது. பிறகு பயிற்சியாளர் பால்மாவு அட்டைப்பெட்டியை வட்டமாக வெட்டி, கழுத்தில் மாட்டும்படி ஒரு பட்டை செய்துகொண்டு வந்தார். அதைப் போட்டால் தாடைக்குக் கீழே எதுவும் தெரியாது. கால் தெரியாது, பந்து தெரியாது, தரை தெரியவே தெரியாது. அதோடு மாதக்கணக்கில் ஓடவிட்டார். முதல் நாட்களில் பயந்து பயந்து, காலால் தரையைத் தடவித் தடவி ஓடினேன். தட்டையான, ஒரு பள்ளமில்லாத மைதானம்தான். ஆனால் காலுக்கு அது தெரியவேண்டுமே. மெல்ல மெல்ல ஒருநாள் அட்டையில்லாமலே தலை நிமிர்ந்து நின்றது. அன்று முதல்முறையாக மைதானம் முழுவதையும் பார்த்தேன். யார் எங்கே ஓடுகிறான், எங்கே இடம் காலியாக இருக்கிறது, எல்லாம் தெரிந்தது. இத்தனை நாள் ஆட்டத்தைப் பார்க்காமலே ஆடியிருக்கிறேன் என்று வெட்கமாகவும் இருந்தது, சொல்லமுடியாத சந்தோஷமாகவும் இருந்தது. அந்த வருடம் நான் ஆடியதுதான் ஆட்டம். சாயாக் கடையில் என்னிடம் காசு வாங்க மறுத்தார்கள். அடுத்த இரண்டு சீசனுக்கும் நீ இருக்கவேண்டும், ஊருக்குப் போய் உடம்பைக் கெடுக்காமல் திரும்பி வா என்று தலைவர் சொல்லி அனுப்பினார்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது சித்திரை வெயில். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டிருந்தார்கள். கொடைக்கு மறுநாள் பக்கத்து ஊர்க்காரர்களோடு கண்மாய்க்குள் கால்பந்து ஆடுவது வழக்கம். சித்தப்பா மகன் செல்லத்துரை அந்த அணியைப் பார்த்துக்கொண்டான். நீங்களும் ஆடவேண்டும் என்று வந்து நின்றான். நான் மறுத்துவிட்டேன். கிளப்பில் சொன்னது காதிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அய்யா, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“நீ அங்கன என்னதாம்லே செய்யுத?”

“பந்து ஆடுதேன்யா.”

“அது தெரியும்லே. எப்படி ஆடுத? அதுக்குப் போயி ஒருத்தன் சோறு போடுதாம்னா, என்னமோ இருக்கத்தான செய்யும். நாங் கண்டதே இல்லயே. இங்கன ஒரு மட்டம் ஆடிக் காமியேன்.”

அய்யா என்னிடம் எதையும் கேட்டவர் அல்ல. பள்ளிக்கூடத்தை விட்டபோதும் கேட்கவில்லை, சென்னைக்குப் போனபோதும் கேட்கவில்லை. நான் என்ன செய்து பிழைக்கிறேன் என்பதை என் அய்யா ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் இல்லாமல் இருக்குமா? சரியென்றுவிட்டேன். ஒரே ஒரு ஆட்டம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கொடைக்கு மறுநாள் கண்மாய்க்குள் இறங்கியபோது, கறுப்புக் கண்மாயின் நடுவில் வட்டமாகச் சிவப்பாகக் கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் செவல் மண். வெடிப்புகளுக்குள் கெட்டித்து, தண்ணீர் தெளித்து, மிதித்து மட்டம் செய்திருந்தது. கண்மாயின் மற்ற பக்கமெல்லாம் எப்போதும்போல் பிளந்து கிடந்தது. யார் செய்த வேலை என்று செல்லத்துரையிடம் கேட்டேன்.

“பெரியப்பாதாம்ணே. செவக்காட்டுலேருந்து வண்டியில அள்ளிட்டு வந்து ஒத்தையில கொட்டுனாவ. எம் மவன் எங்கன நின்னு ஆடுவான்னு எங்கிட்ட கேட்டாவ. நடுவுலன்னு சொன்னேன்.”

நான் குனிந்து அந்த மண்ணைக் கையால் அழுத்திப் பார்த்தேன். வெடிப்பை மூடக்கூடாது என்பது அய்யாவின் கட்சி. “மண்ணு வாயத் தொறந்து கெடக்கணும்லே, அப்பத்தான் பெய்யுத மழ உள்ள எறங்கும்” என்று யாரோடும் மல்லுக்கு நிற்பார். வெடிப்பில் மண்ணைத் தள்ளி விளையாடிய பிள்ளைகளைக் கம்பெடுத்து விரட்டியவர். அவர் எனக்காக வண்டி பூட்டியிருக்கிறார். ஆனால் விவசாயி அல்லவா, ஆளுக்கு ஒரு துண்டு இடம், அதற்குள்தான் அவனவன் பாடு என்று நினைத்துவிட்டார். நடுக்களத்து ஆட்டக்காரன் மைதானம் முழுவதும் ஓடவேண்டியவன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. செல்லத்துரைக்கும் சொல்லத் தோன்றவில்லை.

முதலில் நான் அந்தச் சிவப்புக்குள்ளேயே நின்றுதான் ஆடினேன். பந்து தானாக என்னிடம் வந்தது, நான் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். மற்றவர்களெல்லாம் குனிந்த தலையோடு வெடிப்பைத் தாண்டித் தாண்டி ஓட, நான் ஒருவன் நிமிர்ந்து நின்றேன். கரையில் கருவேல மரத்தடியில் அய்யா நின்றிருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். பக்கத்தில் நின்றவரிடம் என்னவோ கையை நீட்டிச் சொன்னார். எங்கள் அணி ஒரு கோல் போட்டதும் அவர் சிரித்ததை நான் நடுவிலிருந்தே பார்த்தேன். தலை நிமிர்ந்திருந்ததால்தான் பார்க்க முடிந்தது.

பிறகு பந்து அவர் நின்ற பக்கமாக உருண்டது. அதை எடுக்க வேறு ஆள் இருந்தான். நான்தான் ஓடினேன். அய்யாவுக்குக் கிட்டத்தில் போய் ஒரு தடவை ஆடிக் காட்டவேண்டும் என்று தோன்றிவிட்டது. சிவப்பைத் தாண்டினேன். தலை நிமிர்ந்தே இருந்தது. அய்யாவைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். என் பயிற்சியாளர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். இடது கால் வெடிப்புக்குள் முழங்கால்வரை போயிற்று. உடம்பு மட்டும் முன்னால் ஓடியது. முழங்காலுக்குள் சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. முதலில் வந்து என்னைத் தூக்கியவர் அய்யாதான். கோபமும் அழுகையும் கலந்த குரலில், கண்மாயின் நடுவைக் காட்டிக் காட்டிக் கேட்டார்.

“இங்கன எதுக்குல வந்த? ஒன் எடம் அதுல்லா... ஒன் எடம் அதுல்லா...”

திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்தார்கள். நடக்கலாம், ஆடமுடியாது என்றார்கள். பயிற்சியாளர் போன் செய்தார். பூமி பிளந்ததில் கால் போய்விட்டது என்றேன். இந்த முறை அவர் சரியாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். எந்தக் கால் என்று மட்டும் கேட்டார். கிளப் தலைவர் நல்ல மனிதர், கடையில் வேலை போட்டுக் கொடுத்தார். ஊரில் நொண்டிக்கொண்டு அய்யாவின் கண்ணெதிரே திரிய எனக்குத் தைரியம் இல்லை. அவருக்கும் அதைப் பார்க்கத் தைரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் திரும்பி வந்தேன். பிழைக்கத்தான் வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது மாலேயில் நான் மறுபடி தலை குனிந்துதான் நடக்கிறேன். ஒரு கீறல்கூட இல்லாத தெருவில், ஒவ்வொரு அடிக்கும் தரையைப் பார்க்கிறேன். எனக்கே அலுப்பாக இருக்கிறது. கால் கேட்கமாட்டேன் என்கிறது. சாயங்காலம் மைதானத்து வேலிக்கு வெளியே நின்றால், உள்ளே இளவட்டங்களைப் பார்த்து வேறொரு பயிற்சியாளர் “ஹெட் அப்!” என்று கத்துவது கேட்கும். கேட்டதும் என் தலைதான் முதலில் நிமிரும்.

விடுப்பு கிடைத்தால் சித்திரையில்தான் ஊருக்குப் போகிறேன். முதல்முறை போனபோது பஸ் நிறுத்தத்தில் இறங்கி எங்கள் காட்டு வழியாக வீட்டுக்கு நடக்கத் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். பிளந்து கிடந்த கரிசல் காட்டுக்கு ஊடே, நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல்வரை, ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் செவல் மண் கெட்டித்த சிவப்புப் பாதை ஒன்று நீண்டு கிடந்தது. மழைக்கு அது கரைந்துவிடும். மறுவருடம் நான் வருகிறேன் என்று போன் வந்ததும் அய்யா மறுபடி வண்டி பூட்டுவார்.

போன சித்திரையிலும் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்தான் கூட வந்தார். பேச்சுவாக்கில் நான் கொஞ்சம் விலகிக் கரிசலில் கால் வைத்துவிட்டேன். “ஏலே, அதுமேலயே வா” என்று அதட்டினார். நான் பிறந்த காட்டில், வேறு இடத்திலிருந்து எனக்காகக் கொண்டுவந்து போட்ட மண்ணின் மேல், தலை குனிந்து, விருந்தாளியைப்போல நடந்தேன். பக்கத்தில் அய்யா, வாய் பிளந்த அத்தனை வெடிப்புகளுக்கும் நடுவே, வெறுங்காலோடு, தரையைப் பார்க்காமல் நடந்து வந்தார்.