தலைக்கவசத்துக்குள்ளிருந்து கேட்ட கேள்வி

கூடலூர் பாண்டியம்மாள் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வேலைக்குப் போகிறவள். எந்தக் கொடியை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதில் அவள் கை தப்பாது. அரசு கொடுத்த கலர் டிவி அவள் வீட்டுக்கும் வந்திருந்தது. 2009இல் ஒரு சேனலில், அவள் சிறுமியாக இருந்தபோது இந்தியில் வந்த பழைய விண்வெளி சீரியலைத் தமிழில் பேசவைத்து மறுபடி போட்டார்கள். ஒரு காட்சிக்காகவே அவள் வாராவாரம் உட்கார்ந்தாள்.

நட்சத்திரங்களுக்குப் போன அப்பன் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். மகள் ஓடுகிறாள். கண்ணாடி மூடிய தலைக்கவசத்தைக் கழற்றாமலே அவன் குனிந்து, "நீ யாரு பாப்பா?" என்று கேட்கிறான். சிறுமியாக அதைப் பார்த்த அன்றைக்குப் பஞ்சாயத்து டிவியின் முன்னாலிருந்து எழுந்து அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடியவள் அவள்.

ஒரு ஞாயிறு மதியம் அந்தக் காட்சி வந்தது. அதே கப்பல், அதே மகள், அதே கண்ணாடி. அப்பன் குனிந்தான். "என் செல்லமே, எவ்வளவு வளந்துட்ட!" என்றான்.

"ஏங்க, இங்கன 'நீ யாரு'ன்னுல்ல கேப்பான்?"

குமுளிக்கு ஜீப் ஓட்டும் அவள் கணவன் விஜயகுமார் சோற்றிலிருந்து தலை தூக்கவில்லை. "பெத்த பிள்ளைய எதுக்குடி யாருன்னு கேக்கான்? வானத்துக்குப் போயிட்டு வாரானா, பிராந்திக் கடைக்குப் போயிட்டு வாரானா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை மறு ஒளிபரப்பு. வேலைக்குப் போகாமல் இருந்து பார்த்தாள். அந்தக் கேள்வி இல்லை.

அவள் அப்பா சுருளிவேலுக்கு ஐம்பது தாண்டியதுமே மறதி வந்தது. மறதியாக அது தொடங்கவில்லை. நடக்காததை நடந்தது என்று சாதிப்பார். "நேத்து உங்க அத்தை வந்துட்டுப் போனா" என்பார். அத்தை செத்துப் பல வருடம். பிறகு ஒரு காலையில் காப்பி கொண்டுபோன மகளை நிமிர்ந்து பார்த்து, "நீ யாரு தாயி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத் தன் புத்திதான் எடுத்துப்போய் சீரியலில் நட்டுவிட்டதோ? அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? போன மாதம், வெட்டி முடித்த வரிசையிலேயே மறுபடி கத்தரியோடு போய் நின்றதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் பஸ் நிற்கும் ஊர்களை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். சரியாக வந்தாலும் பயம் போகாது. நாளைக்கும் வருமா?

அப்போதுதான் கருத்தக்கண்ணன் நினைவு வந்தது. பஞ்சாயத்து டிவியின் முன்னால் கூடிய கூட்டத்தில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. பட்டாளத்திலிருந்து வந்திருந்த கருத்தக்கண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்று, டிவியில் பேசப் பேசத் தமிழில் சொல்லுவார். இப்போது தேனி அல்லிநகரத்தில் மகன் வீட்டில் இருந்தார். பஸ் ஏறிப் போனாள்.

கதவைத் திறந்தவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து, "யாரு?" என்றார்.

"கூடலூர் சுருளிவேல் மக, மாமா."

"அடி ஆத்தா, பாண்டியா! கண்ணுல புரை, ஒண்ணும் தெரியல. உள்ள வா."

காட்சியைத் தானே சொன்னால், மனம் நோகக் கூடாதென்று ஆமாம் போட்டுவிடுவார். அதனால் இவ்வளவுதான் கேட்டாள்: "மாமா, அந்த வானத்துக் கப்பல் கதையில, திரும்பி வந்த அப்பன் மககிட்ட என்ன சொன்னான்?"

அவள் சேலை முனையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"'நீ யாரு பாப்பா'ன்னு கேட்டான். நீதான அழுதுக்கிட்டு ஓடுனவ?"

"இப்ப டிவியில அப்படி இல்லையே மாமா."

"எப்படி இருக்கும்? அவுக பேசுனாக ரேடியோ இந்தி. எனக்குத் தெரிஞ்சது கேன்டீன் இந்தி. பாதிதான் விளங்கும், மீதிய நானே போட்டுக்கிருவேன்." சிரித்தவர் நிறுத்தினார். "நான் ஒருக்க ரெண்டு வருசங்கழிச்சு லீவுல வீட்டுக்கு வந்தப்ப, என் மக கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு 'நீங்க யாரு'ன்னு கேட்டுட்டா. அன்னைக்கு டிவியில அந்த ஆளு குனிஞ்சதும் அதான் வாயில வந்துச்சு. பிள்ளை கேட்டுச்சுன்னு சொல்ல மனசு வரல. அப்பன் கேட்டான்னு மாத்திட்டேன்."

பாண்டியம்மாள் விம்மி அழுதாள்.

"ஏ கழுதை, அதுக்கு இப்பவுமா அழுவ?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

வெட்டி முடித்த வரிசையில் மறுபடி போய் நின்றதற்கு இதில் பதில் இல்லை. அது அவளுக்கும் தெரியும். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீரபாண்டியில் பஸ் நின்றது தெரியும். அதற்குப் பிறகு எந்த ஊரையும் அவள் பார்க்கவில்லை. "கூடலூர் இறங்கு!" என்று கண்டக்டர் கத்தியபோதுதான் விழித்தாள்.