பதினொரு ஜன்னல் வீடு

சனிக்கிழமை காலை, நூலகத்தில் வாசகர் கூட்டம். நூலகர் அம்மா ஒரு கவிதையைப் படித்தார். ஊரே பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒரு பணக்காரன், யாருக்கும் தெரியாமல் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்ததைப் பற்றியது. படித்து முடித்ததும், "யாருக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

"காசு இருந்தா நிம்மதி இருக்காதுங்க" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். முப்பத்தைந்து வருஷம் ஜன்னல்களுக்குத் திரை தைத்த திரைக்காரம்மா மட்டும் ஆட்டவில்லை. அவள் மனசு பதினொரு ஜன்னல் வீட்டுக்குப் போய்விட்டது.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அவள் தைப்பாள், கணவர் ஏணியில் ஏறிக் கம்பி பொருத்துவார். அந்த வீட்டுக்குள் நுழைந்ததுமே அவளுக்கு வயிறு எரிந்தது. அவர்கள் குடியிருந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். இங்கே மாடிப்படிக்குக்கூட ஜன்னல்!

"இடது பக்கம் ரெண்டு விரல் தூக்குங்க."

"தூக்கித்தான் இருக்கேன். உன் கண்ணுதான் கோணல்."

"கோணலா இருக்கப் போய்த்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்!"

ஏணி ஆட ஆடச் சிரித்தார் அவர். திரும்பினால், வாசலில் வீட்டுக்கார அம்மா. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ.

"நிறுத்தாதீங்க" என்றாள். "இந்த வீட்ல சண்டை போட்டே வருஷக்கணக்காச்சு. எங்க வீட்டுக்காரர் பேசினாத்தானே சண்டை வர்றதுக்கு? கொஞ்சம் உக்காந்து, என்கூட ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்களேன்."

"வேலை தலைக்கு மேல கிடக்குங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள் இவள்.

வழியெல்லாம் பொருமல். "கொழுப்பைப் பாத்தீங்களா? இவ்வளவையும் வெச்சுக்கிட்டு நம்மளைக் கிண்டல் பண்றா."

"எனக்கென்னவோ அந்தம்மா அழுதுட்டு வந்த மாதிரி இருந்துச்சு" என்றார் கணவர். அதற்கும் ஒரு சண்டை.

அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. மகன் வாங்கிக் கொடுத்த வீட்டில் இப்போது மூன்று ஜன்னல்கள். திரை எப்படித் தொங்கினாலும் கேட்க ஆளில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்றார் நூலகர்.

சொன்னாள். கோணல் கண்ணுக்குக் கூட்டம் சிரித்தது. காப்பிக்கு வந்ததும் அடங்கிப்போனது.

"அந்தம்மா இப்ப எங்க?" என்று கேட்டார் தபால்காரர்.

"தெரியலைங்க. ரெண்டே வருஷத்துல வீடு கைமாறிடுச்சு. காசைப் பத்தி எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது. எங்கிட்ட என்ன இருந்துச்சுன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. ஒரு பத்து நிமிஷம் உக்காந்திருக்கலாம்."

அன்றைக்கு வேறு கவிதை படிக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.