டார்ச் அக்கா குடித்துக் காட்டிய காபி

மனநலப் பிரிவில் அந்த நர்ஸை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டார்ச் அக்கா என்றால்தான் தெரியும். மாத்திரை கொடுத்த கையோடு, "வாயைத் திறங்க... நாக்கைத் தூக்குங்க... கன்னத்துல என்ன?" என்று சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்கு நகர்வார். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துப் பிறகு துப்புகிறவர்களை எவ்வளவோ பார்த்தாயிற்று. சந்தேகம் வேலையோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போனவர் திரும்பிவந்து இன்னொரு முறை இழுப்பார். பஸ் ஓட்டும் கணவர், "சாப்பிட்டேன்னு சொன்னா நம்புறியா, இல்ல வாயைத் திறக்கவா?" என்று கிண்டல் செய்வார். அக்கா சிரிக்காமல் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் கண்ணிலேயே மண் விழுந்தது, ஜன்னலோரக் கட்டில் தையல்காரர் விஷயத்தில். அக்கம்பக்கத்தார் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று கடையைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்ட மனிதர். மகள்தான் கொண்டுவந்து சேர்த்தாள். வார்டில் அவர் சொன்ன புகார் ஒன்றே ஒன்று. "என் காபியில எதையோ கலக்குறாங்க."

காபி, மகள் சாயங்காலம் பிளாஸ்க்கில் கொண்டுவருவது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது அக்காவுக்குப் பாவமாக இருக்கும். பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றி, அவர் கண்ணெதிரே குடித்துக் காட்டுவார். "பாத்தீங்களா? நானே குடிச்சிட்டேன். ஒண்ணும் இல்ல ஐயா." தையல்காரர் அக்காவின் முகத்தையே சற்று நேரம் பார்ப்பார். பிறகு மகள் நீட்டும் டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்துவிடுவார்.

இதற்கிடையே ஒரு கணக்கு உதைத்தது. வார்டு மாத்திரையை அவர் விழுங்குவதே இல்லை. டார்ச்சுக்கும் தப்பி அவர் துப்பியவற்றைத் தலையணை உறைக்குள் அக்காவே கண்டெடுத்தார். ஆனால் ஆள் நாளுக்கு நாள் தூங்கி வழிந்தார். ஊசியில் நூல் கோத்தே பழகிய விரல்கள், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நடுங்கின. மருந்தே உள்ளே போகாதவருக்கு மருந்தின் நடுக்கம் எங்கிருந்து வரும்?

டாக்டரிடம் கேட்டால், "மாத்திரையும் முழுங்கல, காபி சந்தேகமும் போகல. நாளைக்கு ஊசியைப் போட்டுருவோம். நீங்களும் ரொம்ப சந்தேகப்படாதீங்க அக்கா" என்றார். அக்காவுக்குப் பகீரென்றது. யாரோ ரகசியமாகக் கொடுக்கும் மருந்துக்கு மேல் ஊசியும் ஏறினால் அந்த உடம்பு தாங்குமா?

அன்று முழுவதும் பார்க்கிறவர்கள் எல்லாம் திருடர்களாகவே தெரிந்தார்கள். தண்ணீர் கொண்டுவரும் ஆயா அந்தக் கட்டிலருகே ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறாள்? புது நர்ஸ் தன்னைக் கண்டதும் ஏன் பாக்கெட்டுக்குள் கை விடுகிறாள்? (விசாரித்ததில் மிட்டாய்.) சாயங்காலம் மகள் வந்தாள். டம்ளரைக் கழுவிவருகிறேன் என்று குழாயடிக்குப் போனாள். அக்கா பின்னாலேயே போனார். கழுவிய டம்ளருக்குள், கரண்டியின் முதுகால் அவள் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தாள்.

பிளாஸ்க்கில் ஒன்றுமில்லை. எல்லாம் டம்ளரில் இருந்தது.

"அவருக்கு முன்னாடி எழுதிக் குடுத்ததுல வீட்டுல மீந்த மாத்திரை சிஸ்டர். கையில குடுத்தா துப்புறாரு. அவரு நல்லதுக்குத்தானே பண்றேன்?" என்று அழுதாள். "நீங்க குடிச்சுக் காட்டலைன்னா இங்கேயும் குடிச்சிருக்க மாட்டாரு."

இவளால்தான் எல்லாம் என்று அக்காவின் மனசு உடனே பழியை அங்கே தள்ளியது. அடுத்த நொடி, எனக்கென்ன தெரியும், நான் குடித்தது நல்ல காபிதானே என்று நழுவப் பார்த்தது. தன் வலியை மறைக்க மனம் என்னென்ன வித்தை காட்டும் என்று பயிற்சி மாணவிகளுக்கு வகுப்பெடுக்கிறவர் அவர். ஊரார் வாயையெல்லாம் சோதித்துவிட்டு, தன் வாயால் கொடுத்த உறுதியைச் சோதிக்காமல் விட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

முதல் வேலையாக டாக்டரிடம் சொல்லி ஊசியை நிறுத்தவைத்தார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மகள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "தெரிஞ்சா என் கையால பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டாரு." டாக்டரும் கொஞ்சம் பொறுக்கலாமே என்றார்.

"உள்ளதைச் சொன்ன மனுஷன் சார். அதைப் போய் நோய்னு சொல்லி ஊசி போட இருந்தோம். இன்னும் எதுக்குப் பொறுக்கணும்?"

மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தையல்காரரிடம் நடந்ததைச் சொன்னார். தையல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ நான் சொன்னது சரி."

"சரிதான் ஐயா."

"அவ என் பொண்ணு. பயத்துல பண்ணிட்டா." மகளைப் பார்க்காமலேயே சொன்னார். "ஆனா நீங்க குடிச்சதாலதான் நான் குடிச்சேன்."

"தப்புதான் ஐயா" என்றார் அக்கா.

பழைய மருந்தின் மயக்கம் தெளியும்வரை டாக்டர் எதுவும் கொடுக்கவில்லை. தெளிந்த பிறகு ஒரு காலையில் அக்கா மாத்திரையைப் பிரிக்காத உறையோடு கொண்டுபோனார். அதன் பெயர், எதற்குக் கொடுப்பது, கை நடுங்கக்கூடும் என்பது எல்லாவற்றையும் சொன்னார். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் கலக்க மாட்டேன், யாரையும் கலக்க விடவும் மாட்டேன்."

தையல்காரர் கையை நீட்டி டார்ச்சைக் கேட்டு வாங்கினார். தண்ணீர் டம்ளரின் அடிவரை அடித்துப் பார்த்தார். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் வெளிச்சத்தை அக்காவின் முகத்தில் நிறுத்தினார். கண் கூசியது. அக்கா முகத்தைத் திருப்பவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார். "நாளைக்கும் நீங்களே கொண்டு வாங்க. பார்ப்போம்."

"சரிங்க ஐயா" என்று மாத்திரையை எடுத்துக்கொண்டு அக்கா அடுத்த கட்டிலுக்குப் போனார். டார்ச்சைத் திருப்பிக் கேட்கவில்லை.