பெரட்டாகிப் போன மௌனம்

கேரளத்து வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை எழுத்துப் பள்ளி தொடங்கியபோது, ஃபாக்டரியில் வேலை பார்த்த எனக்குக் கடவுள் இல்லாமல் போய் ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. யாரோ பஸ்ஸில் விட்டுப்போன இரண்டு சிறு பகுத்தறிவுப் புத்தகங்கள் செய்த வேலை. மூன்றாவது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

மேனேஜர் துரை தந்த இடம், காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் கொட்டகை. சண்டை வந்தால் உர மூட்டை அடுக்கிவிடுவேன் என்று சொல்லித்தான் தந்தார். முதல் ஞாயிறே சண்டை வந்தது. கங்காணியே மாரியம்மன் கோயில் பூசாரி. அம்மன் பாட்டில் தொடங்க வேண்டும் என்றார். மலையாள எழுத்துச் சொல்லித்தர வந்த கடைக்கார பாய், பாலக்காட்டுக்காரர், "பிஸ்மி சொல்லாம நான் கடையே தொறக்கறதில்லீங்க" என்றார். எதுவுமே கூடாது என்றேன் நான்.

கொழுந்து எடுக்கும் அக்கா ஒருத்தி எழுந்தாள். குமுளியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போய், பஸ் பலகை படிக்கத் தெரியாமல் எதிர்த்திசையில் ஏறி, பீருமேட்டில் இறங்கி அழுதவள். "உங்க சாமிச் சண்டையில கொட்டகைய மூட்டைக்குக் குடுத்துறாதீக. எனக்குப் பலகை படிக்கணும்."

உடனே என் பகுத்தறிவு வேலை செய்தது. "எல்லாரும் எழுந்து ரெண்டு நிமிஷம் மௌனமா நிப்போம். மௌனத்துக்கு மதம் கிடையாது."

நின்றோம். அந்தக் கொட்டகையில் வாய் மூடி நின்றால் கால்களுக்குப் பெரட்டு ஒன்றுதான் தெரியும். பெண்கள் இடப்பக்கம் வரிசையானார்கள், ஆண்கள் வலப்பக்கம். கங்காணி தொண்டையைச் செருமி, "நாலாம் நம்பர் காட்டுக்குப் பத்துப் பேரு" என்றார். பத்துப் பேர் நடக்கவும் தொடங்கினார்கள். சிரிக்கலாம் என்று பார்த்தால், ஃபாக்டரி ஆட்களின் வரிசையில் முதல் ஆளாக விறைத்து நிற்பது நான்.

நடுவில் தனியாக நின்ற பாய் கேட்டார்: "ஏனுங்க, நான் எந்தக் காட்டுக்குங்க போகோணும்?"

சிரிப்பு அடங்கியதும் அக்கா தரையில் சம்மணமிட்டாள். "நின்னாத்தான பெரட்டு. உக்காருங்க, சுத்தி உக்காருங்க."

உட்கார்ந்த மௌனம் பலித்தது. அம்மனும் அல்லாவும் என் பகுத்தறிவும் அவரவர் மண்டைக்குள் போய்ச் சமர்த்தாக அமர்ந்தார்கள். பிறகு பாய், தான் கொண்டுவந்த அரிசியைத் தாம்பாளத்தில் பரப்பினார். கங்காணி தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அரிசியில எழுதுறதுக்கு என்ன காரணம்?" என்றேன். சும்மா இருக்க முடிந்தால்தானே.

"சிலேட்டு வரலீங்க. அரிசி இருந்துச்சுங்க" என்றார் பாய்.

அதற்குமேல் பகுத்தறிவுக்கு வேலையில்லை. வட்டத்தில் நானும் விரலை நீட்டினேன்.

மழைக்காலம் போனபின் ஒருநாள், பாய் கடை வாசலில் நாங்கள் மூவரும் நிற்க, மகளைப் பார்க்கப் புறப்பட்ட அக்கா சாலையோரம் பஸ்ஸின் பலகையை அண்ணாந்து பார்த்தாள். "கு" என்றாள். கங்காணியின் உதடு முணுமுணுத்தது. அம்மன் பாட்டாக இருக்கும். பாயும் ஏதோ சொல்லிக்கொண்டார். நான் என்ன முணுமுணுத்தேன் என்பதைக் கேட்காதீர்கள். "ம" என்றாள்; மலையாளப் பலகையில் குமுளி, குமளிதான். கண்டக்டர் விசிலடித்தார். "ளி" என்று அவள் முடித்தபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அடடா, போயிருச்சே" என்றேன்.

"போகட்டும் தம்பி," என்றாள், கூடையை இறக்கி வைத்தபடி. "நான் ஏற வேண்டியது அதுதான்."