ஜைடின் அறுத்த கண்ணிகள்

மகளின் கல்யாண விருந்துக்குச் சருகுமான் கறி வேண்டுமென்று ஜைடின் ஆற்றங்கரைக் காட்டில் கண்ணி வைத்தார். கினாபாத்தாங்கான் ஆற்றின் கரையில் எங்கள் ஊருக்கு மிஞ்சியிருப்பது அந்தத் துண்டுக் காடுதான். அதைத் தாண்டினால் எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்.

மறுநாள் காலை மனைவி மஸ்னாவோடு பார்க்கப் போனார். மான் எதுவும் விழவில்லை. ஒரு தரைக்குயில்தான் காலில் சுருக்கு இறுகித் தலைகீழாகத் தொங்கிச் செத்திருந்தது. கோழியைவிடச் சற்றே பெரிய உடம்பு, பச்சை அலகு. தாடிப்பன்றிகள் கிளறிய மண்ணில் புழு பொறுக்கிக்கொண்டு அவற்றின் பின்னாலேயே நடக்கும் பறவை அது. ஆள் அரவம் கேட்டாலே மறைந்துவிடும். ஆனால் அன்று இன்னொன்று பக்கத்துப் புதரடியில் நின்று, அடிவயிற்றிலிருந்து முனகுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"ஓடமாட்டேங்குதே. ஜோடி போலருக்குங்க," என்றாள் மஸ்னா.

ஜைடின் கிட்டே போய், செத்த பறவையின் காலைச் சுருக்கிலிருந்து விடுவித்து மண்ணில் புதைத்தார். பிறகு தம் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அத்தோடு நிற்காமல், சித்தப்பா மகன் ஜபார் வைத்திருந்த கண்ணிகளையும் அறுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே ஜபார் ஜைடினைத் தேடிப் படகுத்துறைக்கு வந்துவிட்டான்.

"அண்ணே, என் கண்ணியில கை வைக்க நீ யாரு?"

"பறவை மாட்டிச் செத்துப்போச்சுடா. இந்தக் காட்டுல இன்னும் எத்தனை இருக்கோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

"செத்ததைத் திங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. அதுக்குப் போயி அழுவியா? அப்ப பறவையவே கூப்பிட்டுக் கல்யாணத்தை நடத்திக்க!"

சொன்னபடியே கல்யாணத்துக்கு அவன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. கறிக்குப் பதில் ஆற்று இறால் பரிமாறினார்கள். மணப்பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் ஜபார். ஜைடின் எல்லோரையும் சிரித்த முகமாக உபசரித்தார். கூட்டம் கலைந்த பிறகு ஆற்றில் இறங்கி வெகுநேரம் முகம் கழுவினார்.

அதன்பின் கடைசிவரை அவர் காட்டுக்குள் போய் யார் கண்ணியானாலும் அறுத்தார். "பறவைப் பைத்தியம்" என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சிலர் கண்ணி வைப்பதையே விட்டார்கள். ஜபார் விடவும் இல்லை, அவரோடு பேசவும் இல்லை.

பிறகு பன்றிகளுக்கு நோய் வந்தது. காடெங்கும் அவை செத்து நாறின. பன்றி போனதும் தரைக்குயிலின் குரலும் அருகிப்போனது. "கண்ணியை அறுக்கலாம், நோயை எதைக்கொண்டு அறுக்கிறது?" என்று ஜைடின் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். ஜனாஸாவைத் தூக்கும்போது ஜபார் வந்து, யாரையும் கேட்காமல், முன்பக்கம் தோள் கொடுத்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகும் அவன் மட்டும் அங்கேயே நின்றான்.

மஸ்னா அவனிடம் போய், "வீட்டுக்கு வா தம்பி, சாப்பிடலாம்," என்றாள்.

"வரேன் அண்ணி," என்றான். ஆனால் அன்று அவன் வரவில்லை.